வங்கதேசத்து எழுத்தாளர்களும் அறிஞர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கதேச எழுத்தாளர் என்றால் யார் யார்? தாகூரும் அதில் வருவாரா?

பாகிஸ்தானிலிருந்து பிரிந்து நாடு பிறந்தது 1971-இல்தான். அதற்கு முன்பே எழுத்து இருந்தது, எழுதியவர்களும் இருந்தார்கள், எல்லைக்கோடு மட்டும் அவர்கள் தலைக்கு மேலே இடம் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் பிறந்த ஊரை வைத்துக் கணக்குப் போட்டால் எதுவும் தேறாது. மொழியியல் அறிஞர் முகம்மது ஷாஹிதுல்லா பிறந்தது இன்றைய மேற்கு வங்கத்தில். நாவலாசிரியர்கள் ஷௌகத் ஒஸ்மான், ஹசன் அஜிசுல் ஹக், ஆய்வாளர் அனிசுஸ்ஸமான் எல்லாரும் அப்படித்தான். ஆனால் வாழ்ந்து, எழுதி, பாடம் நடத்தியதெல்லாம் கிழக்கில். எதிர்ப்பக்கமாகவும் பாருங்கள்: ஜீவனானந்த தாஸ் பரிசாலில் பிறந்தவர், கல்கத்தாவில் இறந்தவர், இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் கவிஞர் என்றே சொல்கிறது, இரண்டுமே சரிதான்.

நாட்டின் தேசியக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமே 1899-இல் மேற்கு வங்கத்துச் சுருலியாவில் பிறந்தவர். 1942-இல் வந்த நோயில் பேச்சும் நினைவும் போய், முப்பது வருடம் அப்படியே இருந்தார். 1972 மே மாதம் புதிய அரசு அவரை டாக்காவுக்கு அழைத்து வந்தது. 1976-இல் அங்கேயே இறந்தார், டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். தாகூர் அங்கே தேசிய கீதமாக இருக்கிறார், குஷ்டியா பக்கம் ஷிலாய்தஹாவில் அவர் தங்கி எழுதிய வீடும் இருக்கிறது. ஆனாலும் அவரை வங்கதேச எழுத்தாளர் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. யார் அந்த மண்ணில் தன் வேலையைச் செய்தாரோ அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல்.

இவர்களில் பாதிப்பேர் பேராசிரியர்களாக இருக்கிறார்களே, ஏன்?

டாக்கா பல்கலைக்கழகம் 1921-இல் தொடங்கியது, அதுதான் காரணம். படித்த ஒரு தலைமுறை கூடி உட்கார்ந்து வாதாட அந்தப் பகுதியில் முதலில் கிடைத்த பெரிய இடம் அது. பேராசிரியர் வேலை என்பது அங்கே மாதச் சம்பளத்தோடு நிற்கவில்லை, நாட்டின் அரசியலே வகுப்பறைக்குள் நடந்தது.

ஷாஹிதுல்லாவின் கதையைக் கேட்டால் புரியும். 1885-இல் பிறந்தவர். சமஸ்கிருதத்தில் பட்டம் வாங்கிவிட்டு அதே பாடத்தில் எம்.ஏ. படிக்கக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, ஒரு முஸ்லிமுக்கு வேதம் சொல்லித்தர மாட்டேன் என்று அங்கிருந்த பண்டிதர் மறுத்துவிட்டார். துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி தலையிட்டு ஒப்பீட்டு மொழியியல் பக்கம் அவரைத் திருப்பினார், 1912-இல் அதில் எம்.ஏ. முடித்தார். டாக்கா பல்கலைக்கழகம் திறந்த வருடமே அங்கே விரிவுரையாளர் ஆனார். 1928-இல் பாரிஸில் முனைவர் பட்டம், பழைய பௌத்த சித்தர் பாடல்களைப் பற்றி. தொழுகை தவறாத முஸ்லிம் அவர். அப்படிப்பட்டவர்தான் 1947-இல், பாகிஸ்தானுக்கு உருதுவே ஆட்சிமொழி ஆகவேண்டும் என்று அலிகார் துணைவேந்தர் ஜியாவுத்தீன் அகமது பேசியவுடன், அதை மறுத்துப் பத்திரிகையில் எழுதினார். 1948 கடைசியில் டாக்காவில் நடந்த இலக்கிய மாநாட்டில், நாம் இந்து முஸ்லிம் என்பது உண்மை, வங்காளிகள் என்பது அதைவிடப் பெரிய உண்மை என்ற பொருளில் பேசினார். பாகிஸ்தான் உருவாகி ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரத்தில் ஒரு பேராசிரியர் மேடையேறி இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு வட்டார வழக்குச் சொற்களுக்கு ஒரு பெரிய அகராதியையும் தொகுத்தார். 1969-இல் இறந்தபின் பல்கலைக்கழகத்தின் டாக்கா விடுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மொழிப் போராட்டத்தில் எழுத்தாளர்களின் பங்கு என்ன? அது மாணவர் போராட்டம்தானே?

வங்காளத்தையும் ஆட்சிமொழி ஆக்கவேண்டும் என்று தெருவில் இறங்கியது மாணவர்கள்தான். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் போலீஸ் சுட்டதில் இறந்தவர்களில் பர்கத் பல்கலைக்கழக மாணவர். ஆனால் அந்தச் சாவுகள் மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டது எழுத்து. மருத்துவக் கல்லூரியில் கிடந்த உடலைப் பார்த்துவிட்டு அப்துல் கஃபார் சௌத்ரி எழுதிய பாட்டை இன்றைக்கும் ஒவ்வொரு பிப்ரவரி 21 விடியற்காலையும் வெறுங்காலோடு நடந்தபடி பாடுகிறார்கள். எழுதும்போது அவர் கல்லூரி மாணவர். இப்போது பாடும் மெட்டை அமைத்தவர் அல்தாஃப் மஹ்மூது, அவரை 1971-இல் பாகிஸ்தான் ராணுவம் பிடித்துப் போனது, திரும்பவே இல்லை. கவிஞர் ஹசன் ஹஃபிசுர் ரஹ்மான் 1953-இல் பிப்ரவரி 21 பற்றிய முதல் தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார், அரசு அதைத் தடை செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1971 விடுதலைப் போரின் ஆவணங்களை 15 தொகுதிகளாகத் தொகுக்கும் பெருவேலையைத் தலைமையேற்று நடத்தியவரும் அவரே.

அப்புறம் முனீர் சௌத்ரி. போராட்டத்துக்காக உள்ளே போனவர், டாக்கா மத்தியச் சிறையில் 'கபர்' என்ற நாடகத்தை எழுதினார். அதே சிறையில் இருந்த இடதுசாரி எழுத்தாளர் ரணேஷ் தாஸ்குப்தா, பிப்ரவரி 21 நினைவு நாளில் கைதிகளே நடிப்பதற்காக ஒரு நாடகம் வேண்டும் என்று கேட்டிருந்தார். ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் நடக்கிற மாதிரி இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார், சிறையில் வேறு வெளிச்சம் கிடையாதே. அதனால் கதையும் கல்லறைத் தோட்டத்தில் நள்ளிரவில் நடக்கிறது: சுட்டுக் கொன்ற உடல்களை ரகசியமாகப் புதைக்க வருகிறார்கள், உடல்கள் குழிக்குள் போக மறுக்கின்றன. 1953-இல் சிறைக்குள்ளேயே அரங்கேறியது. சிறையில் இருந்தபடியே வங்காள இலக்கியத்தில் எம்.ஏ. எழுதி முதல் வகுப்பில் முதலிடமும் வாங்கினார், ஏற்கெனவே ஆங்கிலத்தில் எம்.ஏ. இருந்தது. பிறகு ஹார்வர்டுக்குப் போய் மொழியியல் படித்தார். 1960-களில் வங்காளத் தட்டச்சுப்பொறிக்கு அவர் அமைத்த விசைப்பலகை 'முனீர் ஆப்டிமா' என்ற பெயரில் அலுவலகங்களில் ஓடியது. நாடகம், விமர்சனம், மொழியியல், தட்டச்சு என்று ஒரே ஆள் நாலு பக்கமும் இழுத்துச் செய்த உழைப்பு அது.

டிசம்பர் 14 அன்று என்ன நடந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நாட்டு எழுத்தைப் பற்றிப் பேசவே முடியாது. 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சரணடைந்தது. தோல்வி நிச்சயம் என்று தெரிந்த கடைசி நாட்களில், ராணுவத்தின் துணைப்படையான அல் பதர் ஆட்கள் பட்டியல் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள். கண்ணைக் கட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ராயர்பஜார் செங்கல் சூளைப் பக்கமும் மீர்பூரிலும் பல உடல்கள் கிடைத்தன. பிறக்கப்போகும் நாட்டுக்கு யோசிக்கும் ஆட்கள் இருக்கக்கூடாது என்ற கணக்கு அது, வேறு எந்த விளக்கமும் எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

முனீர் சௌத்ரியை டிசம்பர் 14 அன்றைக்குத்தான் கொண்டுபோனார்கள், வயது 46, உடல் கிடைக்கவில்லை. தாகூர் ஆய்வாளர் மொஃபஸ்ஸல் ஹைதர் சௌத்ரி, வரலாற்றுப் பேராசிரியர்கள் சந்தோஷ் பட்டாச்சாரியா, கியாசுத்தீன் அகமது, 'சிலாலிபி' பத்திரிகை நடத்திய செலினா பர்வீன் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நாவலாசிரியர் அன்வர் பாஷாவும் அன்றைக்கே போனார். அந்த வருடம் மார்ச் 25 இரவில் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த படுகொலையைப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் தொடங்கி ஜூனுக்குள் 'ரைஃபிள் ரொட்டி அவுரத்' என்ற நாவலை முடித்து வைத்திருந்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கொலைகாரர்கள் அதே ஊரில் உலவும்போதே எழுதிய நாவல். 1973-இல் அச்சில் வந்தது, அவர் பார்க்கவில்லை. அந்த மார்ச் இரவில் இறந்தவர்களில் தத்துவப் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவும் ஒருவர்.

ஷாஹிதுல்லா கைசர், ஜாகிர் ரைஹான் இருவரும் அண்ணன் தம்பிகள் என்பது உண்மையா?

ஆமாம். அண்ணன் ஷாஹிதுல்லா கைசர் பத்திரிகையாளர், 'சங்சப்தக்' நாவலை எழுதியவர், பல வருடம் அரசியல் கைதியாக இருந்தவர். டிசம்பர் 14 மாலை அவர் வீட்டுக்கே வந்து இழுத்துப் போனார்கள். தம்பி ஜாகிர் ரைஹான் நாவலாசிரியர், அதைவிடப் பெரிய பெயர் சினிமாவில். 1952-இல் தடையை மீறிய முதல் வரிசை மாணவர்களில் ஒருவர், 1970-இல் ஒரு குடும்பச் சண்டைக் கதைக்குள் ராணுவ ஆட்சியையே வைத்துப் படமெடுத்தவர், 1971-இல் கல்கத்தாவில் இருந்துகொண்டு 'ஸ்டாப் ஜெனோசைட்' ஆவணப்படத்தை எடுத்தவர். விடுதலை கிடைத்ததும் டாக்காவுக்கு ஓடிவந்து அண்ணனைத் தேடினார். 1972 ஜனவரி 30 அன்று, மீர்பூரில் இருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவர் காணாமல் போய்விட்டார். 36 வயது. நாடு விடுதலையாகி ஆறு வாரம் ஆன பிறகு.

பெண்களில் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் ரங்பூர் பக்கம் பைராபந்தில் 1880-இல் பிறந்த பேகம் ரொக்கேயா. நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு: பெண்கள் ஆளும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் முதன்முதலில் அச்சானது மெட்ராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். அந்தக் கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண் விஞ்ஞானிகள் சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்து எதிரிப் படையை விரட்டுகிறார்கள். கணவர் இறந்ததும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி, 1911-இல் அதைக் கல்கத்தாவுக்கு மாற்றி, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சியே வாழ்நாளைச் செலவழித்தார். அவர் இறந்த டிசம்பர் 9 அங்கே ரொக்கேயா நாள்.

அடுத்து சுஃபியா கமால், 1911-இல் பரிசாலில் பிறந்தவர். பள்ளிக்கூடமே போகாதவர், வீட்டில் பேச்சு உருது, வங்காளம் அம்மாவிடம் கற்றது. இளம்வயதில் கல்யாணம், இருபத்தொன்றாவது வயதில் விதவை, அதன்பின் கல்கத்தா மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. 1938-இல் வந்த முதல் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் நஸ்ருல். 1947-இல் 'பேகம்' வார இதழின் முதல் ஆசிரியர். 1960-களில் தாகூர் பாட்டை வானொலியில் இருந்து அரசு விலக்கியபோது எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசை. 1999-இல் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கமான முதல் பெண் அவர்தான்.

ஜஹானாரா இமாமைத் தனியாகவே சொல்லவேண்டும். ஆசிரியை, வசதியான குடும்பம். மகன் ரூமி அமெரிக்காவில் பொறியியல் படிக்க இடம் வாங்கி வைத்திருந்தான். போருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் அனுமதி கேட்டான், பல நாள் வாதாடிய பிறகு அவர் ஒப்புக்கொண்டார். 1971 ஆகஸ்ட் கடைசியில் வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. வெற்றிக்கு மூன்று நாள் முன்னால் கணவரும் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வருடத்து நாட்குறிப்பு 1986-இல் 'ஏகாத்தரேர் தின்குலி' என்று புத்தகமாக வந்தது. சமையல், ஊரடங்கு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சாதாரணமாகத்தான் போகும், அதனால்தான் நெஞ்சை அறுக்கிறது. 1992-இல், வாய்ப் புற்றுநோயோடு, போர்க்குற்றங்களுக்காக ஒரு மக்கள் நீதிமன்றத்தைக் கூட்டினார். அரசு அவர்மேலேயே தேசத்துரோக வழக்குப் போட்டது. 1994-இல் அந்த வழக்கு தலைமேல் இருக்கும்போதே இறந்தார்.

எழுதியே பிழைத்தவர்கள் உண்டா?

ரொம்பக் குறைவு. சையது வலியுல்லா வானொலியில் இருந்தார், பிறகு தூதரகங்களில், கடைசியில் பாரிஸில் யுனெஸ்கோவில். 1948-இல் அவர் எழுதிய 'லால் சாலு' ஒரு போலிக் கல்லறையை வைத்து ஒரு கிராமத்தையே ஆளும் ஆளைப் பற்றியது. ஷம்சுர் ரஹ்மான் பத்திரிகை வேலை பார்த்தார். 1971-இல் அவர் எழுதிய கவிதைகள் ரகசியமாக எல்லை கடந்து, புனைபெயரில் கல்கத்தாவில் அச்சேறின. 1987-இல் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் காலத்தில் 'தைனிக் பாங்ளா' ஆசிரியர் பதவியை உதறினார். ஆக்தாருஸ்ஸமான் இலியாஸ் கல்லூரி ஆசிரியர், மொத்தம் இரண்டே நாவல். இரண்டாவதான 'கோயாப்நாமா' வந்த 1996-இலேயே புற்றுநோய்க்காக ஒரு காலை எடுத்தார்கள். 1997 ஜனவரியில் இறந்தார், 53 வயது. அந்த மொழியின் ஆகச்சிறந்த நாவல்களில் ஒன்றாக நான் அதை வைப்பேன்.

எழுத்தால் நிஜமாகவே சம்பாதித்தவர் ஹுமாயூன் அகமது. டாக்காவில் வேதியியல் பேராசிரியர், வடக்கு டகோட்டாவில் பாலிமர் வேதியியலில் முனைவர் பட்டம். மாணவராக இருக்கும்போதே எழுதிய முதல் நாவல் 1972-இல் வந்தது. அப்பா போலீஸ் அதிகாரி, 1971-இல் ராணுவம் சுட்டுக் கொன்றது. போருக்குப் பிறகு குடும்பத்துக்கு ஒதுக்கிய வீட்டிலிருந்து அவர்களை வெளியே தள்ளியபோது, எழுத்தாளர் அகமது சோஃபா மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்து தீக்குளிப்பேன் என்று நின்றதை ஹுமாயூனே எழுதியிருக்கிறார். 200-க்கும் மேல் புத்தகங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், படங்கள். 1990-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய தொடரில் பாகேர் பாய் என்ற ரவுடிக்குத் தூக்கு என்று தெரிந்ததும், ஒரு கற்பனைப் பாத்திரத்தைத் தூக்கிலிடக்கூடாது என்று நிஜமான மக்கள் நிஜமான ஊர்வலம் போனார்கள். 2012-இல் நியூயார்க்கில் இறந்தார். அவரை லேசான எழுத்தாளர் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒரு தலைமுறையையே புத்தகம் வாங்க வைத்தவரை அப்படி ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புத்தகமே எழுதாத அறிஞர் ஒருவர் உண்டாமே?

அப்துர் ரசாக். அரசியல் அறிவியல் ஆசிரியர். லண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார், 1950-இல் லாஸ்கி இறந்ததும் பட்டம் வாங்காமலே திரும்பிவிட்டார். டாக்காவில் வாழ்நாள் முழுக்கப் படித்தார், பேசினார், சமைத்துப் போட்டார், சதுரங்கம் ஆடினார். அவரிடம் உட்கார்ந்து கேட்டவர்கள்தான் பிறகு நாட்டின் பொருளாதாரம், வரலாறு, இலக்கியம் எல்லாவற்றையும் எழுதினார்கள். 1975-இல் தேசியப் பேராசிரியர் ஆக்கினார்கள். அவரைப் பற்றி அகமது சோஃபா 1998-இல் எழுதிய சின்னப் புத்தகம், ஆசிரியர் மாணவர் உறவைப் பற்றி நான் படித்ததிலேயே அழகானது.

இதற்கு நேர் எதிராக, ஒரு பட்டமும் இல்லாத அறிஞரும் உண்டு. சிட்டகாங் பக்கம் பட்டியாவைச் சேர்ந்த அப்துல் கரீம், 1871-இல் பிறந்தவர், 'சாகித்ய பிஷாரத்' என்பது பிறர் கொடுத்த பட்டம். பள்ளிக் கல்வித்துறை அலுவலகத்தில் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கையெழுத்துச் சுவடிகளைச் சேகரித்தார், 2,000-க்கும் மேல். நடுக்கால வங்காள இலக்கியத்தில் முஸ்லிம் கவிஞர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பது அந்தச் சுவடிகளால்தான் வெளியே வந்தது. கடைசியில் சுவடிகளை டாக்கா பல்கலைக்கழகத்துக்கும் ராஜ்ஷாஹியில் உள்ள வரேந்திர அருங்காட்சியகத்துக்கும் கொடுத்துவிட்டார். அவர் வளர்த்த தம்பி மகன் அகமது ஷரீஃப் அவற்றைப் பதிப்பித்தே பெரிய ஆய்வாளர் ஆனார்.

அனிசுஸ்ஸமான் பெயர் அடிக்கடி வருகிறதே?

1972 அரசியலமைப்பின் வங்காள வடிவத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர். ஆங்கில வடிவத்தோடு முரண்பட்டால் வங்காள வடிவமே செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது, அப்படியென்றால் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு கவனமாக வைத்திருப்பார் என்று பாருங்கள். 2020 மே மாதம் கொரோனா தொற்றோடு இறந்தார்.

இப்போதும் எழுத்தாளர்களுக்கு ஆபத்து இருக்கிறதா?

இருந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மைமன்சிங்கைச் சேர்ந்த மருத்துவர் தஸ்லிமா நஸ்ரின் 'லஜ்ஜா' நாவலுக்குப் பிறகு 1994-இல் நாட்டைவிட்டுப் போனார். மொழியியல் பேராசிரியர் ஹுமாயூன் ஆசாத்தை 2004 பிப்ரவரி 27 அன்று, புத்தகக் காட்சியிலிருந்து வெளியே வரும்போது வெட்டினார்கள், அதே ஆகஸ்டில் ஜெர்மனியில் இறந்தார். அறிவியல் எழுத்தாளர் அவிஜித் ராயை 2015 பிப்ரவரி 26 அன்று, கிட்டத்தட்ட அதே இடத்தில் கொன்றார்கள். அவருடைய பதிப்பாளர்களில் ஒருவரான தீபனை அக்டோபரில் அலுவலகத்துக்குள்ளேயே கொன்றார்கள். ஹுமாயூன் அகமதின் தம்பி, எழுத்தாளர் ஜாஃபர் இக்பாலை 2018-இல் மேடையிலேயே குத்தினார்கள், பிழைத்தார். மொழிக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவாக நடக்கும் புத்தகக் காட்சியின் வாசலில், எழுதியதற்காக ஆட்களைக் கொன்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

அந்தப் புத்தகக் காட்சி எப்படி வந்தது?

1952-இல் முதலமைச்சராக இருந்த நூருல் அமீன் குடியிருந்த பர்த்வான் மாளிகையை வங்காள மொழி ஆய்வுக்கே கொடுக்கவேண்டும் என்று 1954 தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி வாக்குறுதி தந்தது, ஜெயித்தது. 1955 டிசம்பரில் அங்கே பாங்ளா அகாடமி திறந்தார்கள். 1972 பிப்ரவரியில் சித்தரஞ்சன் சாஹா என்ற பதிப்பாளர் அந்த வளாகத்தில் தரையில் சாக்கு விரித்து 32 புத்தகங்களை வைத்து விற்றார், எல்லாம் போர்க்காலத்தில் கல்கத்தாவில் அகதியாக இருந்த எழுத்தாளர்களுடையவை. அதுதான் பிப்ரவரி மாதம் முழுக்க நடக்கும் ஏகுஷே புத்தகக் காட்சியாக வளர்ந்தது.

தமிழில் படிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

'லஜ்ஜா' தமிழில் உண்டு. கிழக்கு வங்கக் கிராமத்தைத் தமிழ் வாசகர்கள் பலருக்குக் காட்டியது சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்த 'நீலகண்ட பறவையைத் தேடி'. எழுதிய அதீன் பந்த்யோபாத்யாய் டாக்கா மாவட்டத்தில் பிறந்து இந்தியாவுக்கு வந்துவிட்டவர். மற்றபடி ஆங்கிலத்தைத்தான் நாடவேண்டும். 'சுல்தானாவின் கனவு' இணையத்தில் இலவசம், ஒரே உட்காரலில் முடியும், அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து ஜஹானாரா இமாமின் நாட்குறிப்பு. பிறகு 'லால் சாலு', செலினா ஹுசைனின் 'ஹாங்கோர் நதி கிரனேடு'. இலியாஸின் 'கோயாப்நாமா' அருணவ சின்ஹா மொழிபெயர்ப்பில் 2021-இல் வந்திருக்கிறது, கனமான நாவல், முதல் நூறு பக்கம் பொறுமையாகப் போங்கள்.